இடது பக்கம் பூவரசு!

திருக்கடையூருக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். போகாவிட்டாலும் கவலை இல்லை. அறுபது வயதானால் உங்கள் பிள்ளைகளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மாலை போட்டு, கட்டின மனைவிக்கே மறுபடி தாலி கட்டச் சொல்வார்கள்.

போன வருஷம் என் மாமாவின் முறை. அம்மாவின் ஒரே தம்பி.

'நான் வரல' என்று அம்மா பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோராவது நாள் பட்டுப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தாள். கிளம்புகிறாள் என்று புரிந்துகொண்டு டிக்கெட் போட்டேன். அக்கா தம்பிக்குள் பேச்சு வார்த்தை 'சாப்டியா?', 'ஆச்சு' என்ற அளவில் நின்று பல வருஷம் ஆகிறது. காரணம் ஒரு வீடு. இந்தக் கட்டுரையும் அந்த வீட்டைப் பற்றித்தான். அதைப் பார்க்க நீங்கள் போக முடியாது. இப்போது அது இல்லை.

திருக்கடையூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. அம்மா பிறந்த ஊர். கடலை ஒட்டிய சின்னத் தெருவில், தெற்குப் பார்த்த ஓட்டு வீடு. தாத்தாவுக்குத் தபாலாபீஸில் உத்தியோகம். 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில் கடல் உள்ளே வந்தபோது மாமா குடும்பம் மாடிவீடு ஒன்றில் ஏறித் தப்பித்தது. வீடும் நின்றது. ஆனால் பரண்மேல் வைக்காமல் பெஞ்சுக்கடியில் வைத்திருந்த டிரங்குப் பெட்டி போய்விட்டது. குடும்பத்தின் போட்டோக்கள் மொத்தமும் அதற்குள். அதற்கப்புறம் ராத்திரி அலைச் சத்தம் கேட்டாலே மாமி அலறியடித்து எழுந்துகொள்ள, மாமா 2006-ல் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பொறையாறுக்குக் குடி போனார். வாங்கினவர் இடித்துத் தள்ளிவிட்டு காங்கிரீட் கட்டிடம் எழுப்பினார்.

'பணம் யாருக்குடா வேணும்? ஒரு வார்த்தை கேட்டானா?' - இது அம்மாவின் கட்சி.

'கேட்டா வேணாம்னு சொல்லும். அங்க ராத்திரி தூங்கினது நானா, அதுவா?' - இது மாமாவின் கட்சி.

ஆக, வீடும் இல்லை, வீட்டின் போட்டோவும் இல்லை.

* * *

இந்த இடத்தில் என்னைப் பற்றி. பி.காம். வரையத் தெரிந்த பி.காம். எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவனை, அப்பா 'வரைஞ்சு என்ன பண்ணுவ?' என்ற ஒரே கேள்வியில் காமர்ஸ் வகுப்பில் உட்கார்த்தினார். அக்கவுண்டன்ஸி நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் கலை வளர்ந்தது. முப்பத்தைந்து வயதில், பன்னிரண்டு தவணையில் ஒரு டேப்லெட்டும் ஸ்டைலஸ் பேனாவும் வாங்கினேன். முதல் தவணை கட்டின அன்றைக்குத்தான் அம்மா கேட்டாள்:

'இதுல எங்க வீட்டை வரைய முடியுமா?'

வரைய ஆரம்பித்தோம். அம்மா சொல்ல நான் போட. 'திண்ணை ரெண்டு பக்கமும். இந்தப் பக்கம் பெரிசு, அந்தப் பக்கம் சிறிசு. இடது பக்கம் பூவரச மரம். வலது பக்கம் சந்து, அதுவழியா கெணத்தடி. தூணு அவ்வளோ குண்டு இல்லடா, ஒல்லி...'

டேப்லெட்டில் வரைகிறவனுக்குத் தெய்வம் கொடுத்த வரம் 'அன்டூ'. போட்டது பிடிக்கவில்லையா, ஒரு தட்டு. தூண் மறைந்துவிடும். இதையே தாளில் செய்திருந்தால் ரப்பர் தேய்ந்து தாள் கிழிந்து, எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றிருக்கும். தவிர, லேயர் என்று ஒரு சங்கதி. கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. சுவர் ஒரு லேயர், ஓடு ஒரு லேயர், மரம் ஒரு லேயர். மரத்தைப் பெரிசாக்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு எழும்பியது. கலரும் அதிலேயே கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

'நல்லாருக்கு... ஆனா என்னமோ தப்பா இருக்கு.'

'என்ன தப்பு?'

'தெரியல. அப்புறம், இது புது வீடு மாதிரி இருக்கு. எங்க வீடு பழசுடா.'

இரண்டும் நியாயமான புகார் என்று எனக்குப் புரிய ஒரு அறுபதாம் கல்யாணம் தேவைப்பட்டது.

* * *

பந்தி முடிந்து, வெற்றிலை போட்ட வாயோடு மாமாவே வந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். 'மாப்ளே, இவ்வளோ தூரம் வந்துட்டு தரங்கம்பாடி பாக்காம போகக்கூடாது. அம்மாவையும் கேளு.'

இரண்டடி தூரத்தில் நின்றிருந்த அம்மா, 'வரேன்னு சொல்லு' என்றாள்.

ஒரே ஆட்டோ. நடுவில் நான், பூகம்பப் பகுதிக்கு நடுவே ஐ.நா. படை மாதிரி.

தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது, 2020-ல் பிரிந்தது. ஊருக்குள் நுழைவதே ஒரு வாசல் வழியாகத்தான். 1792-ல் கட்டின வெள்ளை வெளேரென்ற நகர வாயில். அதைத் தாண்டினால் ராஜா தெரு, இரண்டு பக்கமும் பழைய ஐரோப்பிய பாணிக் கட்டிடங்கள், கடைசியில் மைதானம், கோட்டை, கடல். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டின கோட்டை. 'டான்ஸ்போர்க்' என்று பெயர். இருநூறு வருஷத்துக்கு மேல் வியாபாரம் செய்துவிட்டு, 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். ('பாத்தியா, அவனும் வித்துட்டுத்தான் போயிருக்கான்' என்றார் மாமா. அம்மா காதில் விழாத மாதிரி இருந்தாள்.)

1706-ல் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டார், அச்சுக்கூடம் போட்டார். அவர் கட்டி 1718-ல் திறந்த புதிய எருசலேம் ஆலயம் ராஜா தெருவில் இருக்கிறது. அதற்கும் நானூறு வருஷம் முன்பே பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் எழுந்துவிட்டது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

கோட்டையையும் கோயிலையும் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்தோம். மூவருமே பார்க்க வந்தது வேறு.

தெருவுக்குள் திரும்பினோம். அம்மா நடை மெதுவாகிவிட்டது. மாமா ஒரு மஞ்சள் காங்கிரீட் கட்டிடத்துக்கு எதிரே நின்றார். கிரில் கேட், டிஷ் ஆன்டெனா, வாசலில் ஒரு பைக்.

'இதான்' என்றார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தேன். கடலோரத்து உச்சி வெயிலில் டேப்லெட் திரை என்பது ஒரு விலை உயர்ந்த முகம் பார்க்கும் கண்ணாடி. என் மூக்குதான் தெரிந்தது. மாமா துண்டால் நிழல் கொடுத்துப் பார்த்தார்.

'பிரமாதம் மாப்ளே! ஆனா மரத்தைத் தப்பா போட்டுட்ட. பூவரசு வலது பக்கம்.'

'இடது பக்கம்!' - வருஷக்கணக்கில் தம்பியைப் பார்த்து அம்மா நேராகப் பேசின முதல் வார்த்தை.

'வலதுக்கா.'

'நான் அந்த மரத்தடில வளந்தவ. இடது.'

'நான் அதுல ஏறி விழுந்து கையை ஒடிச்சவன். வலது!'

ஜன்னல்கள் திறந்தன. காங்கிரீட் வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார், தன் வீட்டில் இல்லாத மரத்துக்கு யார் சண்டை போடுகிறார்கள் என்று.

'ஒரு நிமிஷம்' என்றேன். 'வாயால சொல்லாதீங்க. மரம் எங்க இருந்துச்சுன்னு கையை நீட்டிக் காட்டுங்க.'

இருவரும் கையை நீட்டினார்கள். இரண்டு கையும் ஒரே திசையில், கிழக்கே, கடலைப் பார்த்து நின்றன.

எனக்குக் கல்லூரியில் படித்த பாங்க் ரீகன்சிலியேஷன் ஞாபகம் வந்தது. காமர்ஸ்காரர்களுக்குத் தெரியும். நம் கேஷ் புக்கில் டெபிட்டாக இருக்கும் பாக்கிதான் பாங்க் பாஸ் புக்கில் கிரெடிட்டாக இருக்கும். பணம் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. அம்மா அந்த வீட்டை எப்போதும் திண்ணையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி நினைவு வைத்திருக்கிறாள். அவளுக்கு மரம் இடது கைப் பக்கம். மாமா பம்பரமும் கையுமாகத் தெருவிலிருந்து ஓடி வந்தவர். அவருக்கு மரம் வலது கைப் பக்கம். பொம்பளைப் பிள்ளை உள்ளேயிருந்தும், ஆம்பளைப் பிள்ளை வெளியேயிருந்தும் பார்த்த ஒரே வீடு. நான் அம்மா சொன்ன இடது வலதை அப்படியே வைத்து, தெருவிலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்துவிட்டேன். முழு வீடும் கண்ணாடி பிம்பம்!

டேப்லெட்டில் 'ஃப்ளிப்' என்று ஒரு வசதி உண்டு. படத்தை இடம் வலமாகத் திருப்பும். வரைகிறவர்கள் கோணல் கண்டுபிடிக்க அடிக்கடி தட்டிப் பார்ப்பார்கள். தட்டினேன். மரம், திண்ணை, சந்து எல்லாம் பக்கம் மாறி உட்கார்ந்தன.

அம்மா துண்டு நிழலுக்குள் தலையை நுழைத்தாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு நின்றன.

'ஆங்... இதான்' என்றாள் அம்மா.

'அதான் சொன்னேன்' என்றார் மாமா.

'நானும் அதைத்தான் சொன்னேன்.'

* * *

அம்மாவின் முதல் புகார் தீர்ந்தது. இரண்டாவது? 'புது வீடு மாதிரி இருக்கு.'

திரையில் வெள்ளை என்பது விளக்கு. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் தாத்தா வீட்டுச் சுவரோ சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து அடித்த, மழை ஒழுகின, உப்புப் பூத்த வெள்ளை. அதற்கு டியூப்லைட் உதவாது, தண்ணீர்தான் உதவும். பள்ளிக்கூட நாளில் கேமல் கலர் டப்பா வைத்திருந்தோமே, அந்த வாட்டர்கலர். அதில் வெள்ளை என்று தனிச் சாயம் கிடையாது என்பதுதான் ஒழுங்கான ஓவியர்களின் கட்சி. தாளை வெறுமே விட்டால் அதுதான் வெள்ளை. வெளிறியதில் ஆரம்பித்து அடர்த்திக்குப் போகவேண்டும். தப்பினால் திரும்பி வர வழியில்லை.

ஆகவே திட்டம் இது: கோடு டேப்லெட்டில், வண்ணம் தண்ணீரில்.

'இது காப்பியடிக்கிற வேலை இல்லையா?' என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். அவருக்கு டேனியல்களைப் பற்றிச் சொன்னேன். தாமஸ் டேனியல், அண்ணன் மகன் வில்லியம் டேனியல். இரண்டு ஆங்கிலேயர்கள் 1792-93-ல் தென்னாட்டைச் சுற்றினார்கள். காட்சியைத் தாளில் விழவைக்கும் 'கேமரா அப்ஸ்கூரா' என்ற இருட்டுப் பெட்டியை வைத்துக் கோட்டை எடுத்து, ஊருக்குப் போய் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் பூசி, 1795-லிருந்து 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். அன்றைய நவீனக் கருவி, அச்சு, மேலே கைவண்ணம். நான் செய்வதும் அதேதான், செப்புத் தகட்டுக்குப் பதில் தவணையில் வாங்கின தகடு. இங்கிலாந்தின் டேவிட் ஹாக்னி எழுபதைத் தாண்டிய வயதில், 2009-ல் செல்போனிலும் அடுத்த வருஷம் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். அதற்காகத் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்த நம் சில்பிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். நான் சில்பி இல்லை. பி.காம்.

கோட்டு லேயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்தேன். கறுப்பை வெளிர் பழுப்பாக்கி, கால் பங்கு அடர்த்திக்கு இறக்கினேன். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் வாங்கி, எங்கள் பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆசையாக ஈரப் பிரஷ்ஷை வைத்தேன். கோடு கரைந்து ஓடியது. ஐந்து நிமிஷத்தில் வீடு சாக்கடையாகிவிட்டது.

விசாரித்ததில் தெரிந்தது: இன்க்ஜெட் மையில் இரண்டு ஜாதி. 'டை' மை தண்ணீரில் கரையும். 'பிக்மென்ட்' மை காய்ந்துவிட்டால் அவ்வளவு சுலபத்தில் கரையாது. டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன், பின்பக்கம் தாள் நுழைக்கிற, பிக்மென்ட் மை பிரிண்டரில் இரண்டு தாள் அடித்துக் கொடுத்தான். தாள் தடியாக இருப்பதால் சுருளாமல் நேராகப் போகவேண்டுமாம். ஒரு ராத்திரி காயவிட்டு, ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை. நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் இந்த விரல் பரீட்சையை மறக்காதீர்கள். எண்பது ரூபாய்த் தாள் மிச்சமாகும்.

ஏன் இரண்டு தாள்? அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. இதற்குமேலும் ஒரு சொத்துத் தகராறு வேண்டாம் என்றுதான்.

* * *

வண்ணத்தைச் சென்னையில் உட்கார்ந்து பூச மனம் வரவில்லை. ஒரு மாசம் கழித்து மறுபடி பஸ் ஏறினேன். மாமா வீட்டில் தங்கல். தாளைத் தடவிப் பார்த்து, 'நல்ல கனம்' என்றார். 'இந்தப் பொறையாறுல முன்னூறு வருஷம் முன்னாடியே காகிதம் செஞ்சாங்க தெரியுமா? கடுதாசிப்பட்டறைன்னு இடமே இருக்கு.' சீகன்பால்கின் அச்சுக்கூடத்துக்காக ஆரம்பித்த காகித ஆலை அது. காகிதம் செய்த ஊருக்கே காகிதம் கொண்டு வந்திருக்கிறேன்!

மறுநாள் காலை கோட்டைக்கு வெளியே, கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். சென்னையில் மின்விசிறிக்கடியில் ஐந்து நிமிஷத்தில் காயும் பூச்சு, இங்கே கடல் காற்றின் ஈரத்தில் கால் மணி ஆனாலும் காயவில்லை. முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், காயாத நீலம் தானாகவே மெதுவாக இறங்கி, மழை ஒழுகின சுவர் மாதிரி கோடு கோடாக நின்றுகொண்டிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டைலஸால் தேய்த்து வராத பழசு அது.

சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூத்திருக்கவேண்டும். அதற்கு ஒரு வித்தை உண்டு. பூச்சு ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தண்ணீரை உறிஞ்சி, சுற்றிலும் வெளுத்த பூ மாதிரி திட்டுகள் விழும். காய்ந்ததும் தட்டிவிடவேண்டும். உப்புக்கு எங்கே போவது? பக்கத்தில் மாங்காய் விற்ற அம்மாவிடம் ஒரு சிட்டிகை கேட்டேன்.

'மாங்கா வாங்காம உப்பு மட்டும் கேக்குறியே தம்பி?'

பத்து ரூபாய்க்கு மாங்காய் வாங்கினேன். மிளகாய்த்தூள் கலக்காத உப்பாகப் பார்த்துக் கொடுத்தது. தூவினதை எட்டிப் பார்த்துவிட்டு, 'இந்தச் சுவரு எங்க வீடு மாதிரியே இருக்கு' என்றது. நான் வாங்கின முதல் விமர்சனம்.

ஒரு தாள் சுத்தமாக முடிந்தது. இரண்டாவதும் முடிகிற சமயம், கடலிலிருந்து ஒரு காற்று. தாள் பறக்காமல் பிடிக்கப் போனேன். பிரஷ்ஷிலிருந்து ஒரு பெரிய சொட்டுத் தண்ணீர் பெரிய திண்ணையின்மேல், பாதி காய்ந்த பழுப்பில் விழுந்தது. வாட்டர்கலரில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. சொட்டுத் தண்ணீர் சாயத்தைச் சுற்றிலும் தள்ளிவிட்டு, காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டி நின்றுவிடும். விரல் தன்னாலே தாளை இரண்டு தட்டுத் தட்டியது. அன்டூ ஆகவில்லை.

* * *

சென்னைக்கு வந்து இரண்டையும் அம்மா முன்னால் வைத்தேன். 'சுத்தமா இருக்கிறது உனக்கு. கெட்டுப் போனது மாமாவுக்கு, பின்னாடி வேற போட்டுக் குடுக்கறேன்.'

அம்மா சுத்தமானதைப் பார்த்தாள். தலையாட்டினாள். கெட்டுப் போனதைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

'எங்கம்மாவை நான் சொல்லவே இல்லியேடா. எப்படிப் போட்ட?'

'யாரை?'

'திண்ணையில பாட்டி உக்காந்திருக்கா பாரு. வெள்ளைப் புடவையில, காலை நீட்டிக்கிட்டு. சாயங்காலமானா இந்த இடத்துலதான் உக்காருவா.'

பார்த்தேன். சொட்டு விழுந்த திட்டுதான். ஆனால் சொன்னபிறகு, தலை, முதுகு, நீட்டின கால்... இருக்கத்தான் இருந்தது.

அம்மா அதை எடுத்துக்கொண்டாள். சுத்தமான படம் பொறையாறுக்குப் பார்சலில் போயிற்று. நாலு நாள் கழித்து ராத்திரி போன். என் நம்பருக்கு இல்லை, அம்மாவின் நம்பருக்கு.

'அக்கா, ஒங்கிட்ட இருக்கிறதுல அம்மா உக்காந்திருக்காளாமே? மாப்ள போட்டோ அனுப்புச்சு. எங்கிட்ட இருக்கிறதுல திண்ணை காலியா இருக்கு. மாத்திக்கலாமா?'

'முடியாது போ' என்றாள் அம்மா. 'வேணும்னா வந்து பாத்துட்டுப் போ.'

அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார்கள். வீட்டை விற்ற கதை ஒரு தடவை வந்தது, சத்தம் உயர்ந்தது, இறங்கியது. பொங்கலுக்கு மாமா குடும்பத்தோடு வருவதாக முடிவாயிற்று.

பாட்டியைப் போட்டது நானில்லை, காற்று என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இந்தப் பத்திரிகையில் ராசிபலனும் ஜோக்கும் மட்டும்தான் படிப்பாள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!